அடிக்குறிப்புக் கோட்டை

பேராசிரியர் எழுதுகிறார், மாணவன் திருத்துகிறான். நரைத்த தலை கட்டுரையை நீட்டுகிறது. அரும்பு மீசை "ஏற்கிறோம்" என்றோ "ஏற்பதற்கில்லை" என்றோ தீர்ப்புக் கூறுகிறது. கற்பனை நாட்டுக் கதையன்று இது. அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்களின் சட்டக் கல்லூரிகளில் நூறாண்டுக்கும் மேலாக நடந்துவரும் நடைமுறை. மருத்துவ ஆய்வை மருத்துவ அறிஞர் எடைபோடுவர். வேதியியல் ஆய்வை வேதியியல் வல்லார் சோதிப்பர். சட்டத்துறையில் மட்டும், அங்கே கல்லூரிதோறும் வெளிவரும் ஆய்வேடுகளுள் பெரும்பாலானவற்றை நடத்துவோர் மாணவர். எந்தக் கட்டுரை அச்சேறும், எது திரும்பிப் போகும் என்று முடிவு செய்வோரும் அவர்களே.

கேட்டதும் சிலர் நகைப்பர். "பிள்ளைகளா பெரியவர்களுக்கு மதிப்பெண் போடுவது?" என்று முகம் சுளிப்பர். நாம் நகைக்கவில்லை, மகிழ்கிறோம். முதியவர் சொன்னால் மூதுரை, இளைஞன் கேட்டால் குறும்பு என்று வகுத்து வைத்திருக்கும் உலகில், இருபத்து நான்கு வயது இளைஞன் புகழ்பெற்ற பேராசிரியரைப் பார்த்து, "இந்த வாக்கியத்துக்குச் சான்று எங்கே, ஐயா?" என்று கேட்கிறான். பேராசிரியரும் சான்று தேடி நூலகத்துக்கு நடக்கிறார். இதைவிட நல்ல கல்வி வேறென்ன இருக்க முடியும்? வகுப்பறையில் வாய் திறந்து வினவும் பிள்ளையை விரும்புகிற ஆசிரியர் எவரும் இந்த ஏற்பாட்டை வெறுக்க மாட்டார்.

நமது வழக்கு வேறு. அந்த நாற்காலியில் மாணவன் அமர்ந்ததை நாம் எதிர்க்கவில்லை. எந்த மாணவன் அமர்கிறான்? எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறான்? யாருக்குப் புரியும் மொழியில் அந்த ஏடு பேசுகிறது? இந்த மூன்று கேள்விகளையே கேட்கின்றோம்.

"கடல் கடந்த நாட்டின் கல்லூரி ஏடு, உமக்கேன் அந்தக் கவலை?" என்று கேட்போருக்கு முதலில் விடை கூறுவோம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி மாணவர்கள் 1887-இல் தங்கள் ஏட்டைத் தொடங்கினர். 1891-இல் யேல் பல்கலைக்கழகத்திலும், 1901-இல் கொலம்பியாவிலும் அத்தகைய ஏடுகள் பிறந்தன. ஹார்வர்டு ஏடு தொடங்கி மூன்றே ஆண்டுகள் கழிந்த 1890-இல், பாஸ்டன் நகர வழக்கறிஞர் இருவர், சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைசும், அதில் ஒரு கட்டுரை வரைந்தனர். பிறர் நுழைந்து நோக்காத தனிவாழ்வு மனிதனின் உரிமை என்பதே அதன் சாரம். அந்நாளில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் அந்த உரிமை அப்பெயரோடு நின்றதில்லை. பின்னர் அதே பிராண்டைஸ் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1928-இல், அரசு கம்பி வைத்துத் தொலைபேசியை ஒட்டுக் கேட்ட வழக்கில், பெரும்பான்மை நீதிபதிகள் அதனை ஏற்றபோது, அவர் எதிர்த்துத் தீர்ப்பெழுதினார். 1967-இல் அந்த நீதிமன்றமே தன் பழைய கருத்தைக் கைவிட்டது.

கதை அங்கே முடிந்ததா? இல்லை. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், தனியுரிமை நம் அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. புட்டசாமி வழக்கு என வழங்கும் அத்தீர்ப்பு, 1890-ஆம் ஆண்டின் அந்தக் கட்டுரையை எடுத்துப் பேசுகிறது. மாணவர் ஏட்டில் ஊன்றிய விதை, 127 ஆண்டுகள் கழித்து, நம் வீட்டு முற்றத்தில் நிழல் தந்தது! நிழலில் நிற்கும் நாம், மரத்தைப் பற்றிப் பேசக்கூடாதா?

இன்னொன்றும் கேளுங்கள். 1964-இல் சார்லஸ் ரைக் என்பவர் யேல் சட்ட ஏட்டில் எழுதினார். ஏழைக்கு அரசு அளிக்கும் உதவித்தொகை, தொழிலுக்கு அளிக்கும் உரிமம் ஆகியவற்றைக் கருணை என்று கருதாதீர். நிலமும் வீடும்போல் அவையும் ஒருவகை உடைமையே. நினைத்தபோது பறிக்க எவருக்கும் உரிமையில்லை என்பது அவர் வாதம். ஆறாண்டுகள் சென்றன. நியூயார்க் நகரில் உதவித்தொகையை இழந்த ஏழைகள் தொடுத்த வழக்கில், 1970-இல், உச்ச நீதிமன்றம் கூறியது: தொகையை நிறுத்துமுன் அவர்களை அழைத்துக் கேட்க வேண்டும், தம் தரப்பைச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். அத்தீர்ப்பு ரைக்கின் எழுத்தைச் சான்று காட்டிற்று. உலை வைக்க அரிசியின்றி நின்றவன் குரலை ஓர் ஆய்வேடு நீதிமன்றத்துக்குள் கொண்டு சேர்த்தது.

ஆகவே இவை வெறும் கல்லூரி மலர்கள் அல்ல. நாளைய நீதிமன்றத்தின் தீர்ப்பு, இன்றைய ஏட்டின் பக்கத்தில் கருக்கொள்கிறது. அத்தகைய ஏட்டின் வாயிலில் யார் காவல் நிற்கிறார்கள் என்று கேட்பது வம்பு பேச்சாகாது, அறிவுடையார் கடமை.

முதற் கேள்விக்கு வருவோம். எந்த மாணவன்?

முதலாண்டுப் படிப்பு முடிந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்து, அல்லது எழுத்துப் போட்டி ஒன்று வைத்து, அல்லது இரண்டையும் கலந்து ஆசிரியர் குழுவுக்கு ஆள் எடுக்கின்றனர். சிலருக்கே இடம். அந்த இடம் கிடைத்தவனுக்குப் பின்னர் எத்தனை கதவுகள் திறக்கின்றன! நீதிபதிகளிடம் சட்ட உதவியாளர் பணி, பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களில் வேலை, பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி, நாளை நீதிபதி ஆசனம்! ஏட்டில் பெயர் இருந்தது என்ற ஒரு வரி, வாழ்நாள் முழுதும் செல்லுபடியாகும் நாணயம். அதனால்தான் கேட்கிறோம்: அந்த நாணயம் யார் கையில் விழுந்து வந்திருக்கிறது?

ஆண்டுகளே விடை கூறட்டும். ஹார்வர்டு ஏடு பிறந்தது 1887. அந்தச் சட்டக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1950. அறுபத்து மூன்று ஆண்டுகள் பெண்ணின் நிழல் கூட அந்த ஆசிரியர் குழுவில் விழ வழியில்லை! பெண் ஒருவர், சூசன் எஸ்ட்ரிச், ஏட்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1976. கறுப்பினத்தார் ஒருவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான பராக் ஒபாமா, அத்தலைமைக்கு வந்தது 1990. கறுப்பினப் பெண் ஒருவர் அங்கே அமர்ந்தது 2017. ஏடு பிறந்து 130 ஆண்டுகள்! மூன்று தலைமுறை பிறந்து மடிந்த பிறகு!

"தகுதியுடையோர் முன்பு கிடைக்கவில்லை, கிடைத்ததும் கொடுத்துவிட்டோம்" என்பார்கள். தகுதி! எத்தனை பாவங்களைப் போர்த்தி மறைத்த போர்வை அந்தச் சொல்! சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற கறுப்பின இளைஞரை நினைவூட்டுகிறோம். முதல் உலகப் போரில் இராணுவ அதிகாரியாகப் பணிபுரிந்தவர். நாட்டுக்காக உயிர் கொடுக்கச் சென்ற இடத்திலும் நிறத்துக்காக இழிவுபடுத்தப்பட்டவர். அந்த இழிவைச் சட்டத்தால் வெல்வேன் என்று உறுதி பூண்டு ஹார்வர்டில் சேர்ந்தவர். 1921-இல் ஆசிரியர் குழுவில் இடம்பெற்றார். அவ்வேட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தார் அவரே. பின்னர் ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியைச் சீர்ப்படுத்தி, கறுப்பின வழக்கறிஞர் அணி ஒன்றை வளர்த்தெடுத்தார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் தர்குட் மார்ஷல். 1950-இல் ஹூஸ்டன் மறைந்தார். 1954-இல், நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்கு முரண் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வழக்காடி வென்றோரின் முன்னணியில் அந்த மார்ஷல் நின்றார்.

1921-இல் அவ்வளவு தகுதியுடையவர் ஒருவர் வந்தாரென்றால், அதற்கு முன்னும் பின்னும் அத்தகையோர் பிறக்கவே இல்லையா? பிறந்தனர். வாயில் வரை வந்திருக்க வேண்டியவர்கள் வழியிலேயே நின்றனர். பள்ளியில் நின்றனர், பணமின்றி நின்றனர், இடமில்லை என்ற சொல்லால் நின்றனர். ஒரு ஹூஸ்டன் ஒரு நாட்டின் சட்டத்தையே அசைத்தாரென்றால், உள்ளே வராத நூறு ஹூஸ்டன்களால் அந்நாடு இழந்தது எவ்வளவு! அந்தக் கணக்கை எந்த ஏடு எழுதும்?

வாயில் சற்றே திறந்ததும் என்ன கூக்குரல்! பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவது கூடாது என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில் கூறிவிட்டது. உறுப்பினரையும் கட்டுரையையும் தேர்ந்தெடுப்பதில் இனம் பார்க்கப்படுகிறது என்ற புகாரின் பேரில், 2025 ஏப்ரலில் அமெரிக்க நடுவண் அரசு ஹார்வர்டு சட்ட ஏட்டின் மீதே விசாரணை தொடங்கியது. வெள்ளை நிற ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த காலத்தில் இனம் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. பிறர் நுழைந்த பின்னரே, "ஐயோ, இனம் பார்க்கிறார்களே!" என்ற ஓலம் எழுந்தது. என்னே நடுநிலை!

"எல்லோரையும் சேர்த்தால் தரம் கெடும்" என்பது அடுத்த அம்பு. 2022-இல் கொலம்பியா சட்ட ஏட்டில் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த அம்பை முறித்துப் போட்டது. ஆசிரியர் குழுவில் பல பிரிவினருக்கும் இடமளிக்கும் கொள்கையை ஏற்ற ஏடுகளை, ஏற்குமுன்னும் ஏற்றபின்னும் வைத்து ஒப்பிட்டனர். அவ்வேடுகளின் கட்டுரைகளைப் பிறர் எடுத்துக்காட்டும் அளவு குறையவில்லை; கூடியிருந்தது! தரம் கெடும் என்று ஆருடம் சொன்னோர் இப்போது எந்தப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள்?

இரண்டாம் கேள்வி: எதைப் பார்த்துத் தீர்ப்பு?

பிற துறைகளில் ஒரு கட்டுரையை ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கே அனுப்புவது முறை. சட்ட ஏடுகளில் ஒரே கட்டுரை ஒரே நாளில் பல பத்து ஏடுகளுக்குப் பறக்கும். எங்கோ ஒரு சிறிய ஏடு "வெளியிடுகிறோம்" என்று சொன்னால், அந்தக் கடிதத்தைக் காட்டி, "அவர்கள் கேட்டுவிட்டார்கள், நீங்கள் விரைந்து சொல்லுங்கள்" என்று பெரிய ஏட்டை நெருக்குவர். பெரியது இசைந்ததும் சிறியதைக் கைகழுவுவர். சிறிய ஏட்டு மாணவர்கள் இரவெல்லாம் விழித்துப் படித்த உழைப்பு, பெரிய இடத்துக்கு ஏறும் ஏணிப்படி! அறிவின் அரங்கா இது, மாட்டுத் தாவணியா?

ஆயிரக்கணக்கில் குவியும் கட்டுரைகளைச் சில மாணவர்கள் எப்படிச் சலித்தெடுப்பர்? பாடம் படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், ஏடும் நடத்த வேண்டும். நேரமில்லாதவன் கண் எங்கே செல்லும்? எழுதியவர் எந்தப் பல்கலைக்கழகம், இதற்குமுன் எங்கெங்கே எழுதினார் என்று பார்க்கும். புகழ்பெற்ற முகவரியிலிருந்து வந்தால் ஒரு மதிப்பு. பெயர் தெரியாத ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தால் வேறு மதிப்பு. மாணவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்பாடு அப்படி. பெயரை மறைத்துவிட்டுப் படிக்கிறோம் என்று முன்னணி ஏடுகள் சில அறிவித்திருக்கின்றன, அவற்றைப் பாராட்டுகிறோம். எல்லா ஏடுகளும் ஏன் அவ்வாறு செய்யவில்லை? நம் நாட்டில் பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியருக்கு, எழுதிய பிள்ளையின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பள்ளி தெரியாது. பதினைந்து வயதுச் சிறுவனின் விடைத்தாளுக்குக் கிட்டும் அந்த நீதி, சட்ட அறிஞனின் கட்டுரைக்குக் கிட்டக்கூடாதா? நீதியைப் பற்றியே எழுதும் ஏட்டில் கூடவா?

இதன் விளைவை 1984-இல் ரிச்சர்டு டெல்காடோ என்ற சட்டப் பேராசிரியர் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட ஏட்டில் வெளிச்சம் போட்டுக் காட்டினார். சிறுபான்மை இனத்தாரின் உரிமைகளைப் பற்றிப் பெரிய ஏடுகளில் வெளிவந்த எழுத்துகளை அவர் ஆராய்ந்தார். கண்டது என்ன? வெள்ளை இன ஆண் பேராசிரியர் சிலர் கூடிய சிறு வட்டம். ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டினர். ஒருவருக்கு ஒருவர் மறுப்பெழுதினர். மறுப்புக்கு மறுப்பும் எழுதினர். எவருடைய உரிமை பேசப்பட்டதோ அவர்கள் இனத்து அறிஞரின் எழுத்து அந்த வட்டத்துக்குள் அரிதாகவே நுழைந்தது. பசித்தவனைப் பற்றி விருந்து மண்டபத்தில் கருத்தரங்கு! பசித்தவனுக்கோ உள்ளே வர அனுமதிச் சீட்டில்லை!

மூன்றாம் கேள்வி: எந்த மொழியில் பேசுகிறது ஏடு?

மேற்கோளை எப்படிக் குறிப்பது, எங்கே புள்ளி வைப்பது, எங்கே எழுத்தைச் சாய்ப்பது என்று விதிக்கும் ஒரு கையேடு அவர்களுக்கு உண்டு. 'புளூபுக்' என்பது அதன் பெயர். ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியா ஏடுகள் கூடித் தொகுப்பது. 1926-இல் முதன்முதல் வெளிவந்தபோது அதற்கு 26 பக்கங்கள். 2010-இல் வந்த பத்தொன்பதாம் பதிப்புக்கு 511 பக்கங்கள்! சட்டம் படிக்க வந்த பிள்ளை, புள்ளி வைக்கப் படிக்கிறது. இதைச் சடங்கு என்று சொல்லாமல் வேறு என்ன பெயரிட்டு அழைப்பது? மந்திரத்தின் பொருள் தெரியாவிட்டாலும் உச்சரிப்புப் பிசகக்கூடாது என்று சொன்னவர்களுக்கும், கருத்து எதுவாயினும் காற்புள்ளி பிசகக்கூடாது என்று சொல்பவர்களுக்கும் எவ்வளவு தூரம்?

அடிக்குறிப்பின் கதையோ இன்னும் பெரிது. 1987-இல் நியூயார்க் சட்டப் பள்ளியின் ஏட்டில் ஒரு கட்டுரை வந்தது. பங்கு வாணிகச் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவைப் பற்றியது. அதற்கு அடிக்குறிப்புகள் எத்தனை? 4,824! கட்டுரை ஒரு சிற்றோடை. அடிக்குறிப்போ அதை விழுங்கிய கடல்.

"சான்று வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும்! சான்றின்றிப் பேசுவதை நாம் என்றும் ஏற்றதில்லை. 'முன்னோர் சொன்னார்' என்பதை மட்டும் நம்பாமல், எங்கே சொன்னார், எப்போது சொன்னார், சரியாகத்தான் சொன்னாரா என்று தோண்டிப் பார்க்கச் செய்வது அடிக்குறிப்பு. அதனை மதிக்கிறோம். ஆனால் வழி காட்ட நட்ட கல், வழியையே அடைக்கும் மதிலாக வளர்ந்துவிட்டது. அறியாதவன் அஞ்சி விலகட்டும் என்று எழுப்பிய மதிலா அது என்ற ஐயம் எழுகிறது.

வெளியார் கூறும் பழியன்று இது. 1936-லேயே யேல் சட்டப் பேராசிரியர் ஃபிரெட் ரோடெல், வர்ஜீனியா சட்ட ஏட்டில், சட்ட ஏடுகளுக்கே விடைகொடுத்துக் கட்டுரை எழுதினார். நடையும் குறை, உள்ளீடும் குறை என்று இடித்துரைத்தார். ஏடுகள் அதைப் படித்துச் சிரித்தன. பிறகு பழைய வழியே நடந்தன. 2005-இல் ஹார்வர்டு உள்ளிட்ட முன்னணி ஏடுகள் பல, கட்டுரைகளின் நீளத்தைக் குறைக்கப் போவதாக அறிவித்தன. எழுபது ஆண்டுகள் கழித்தாவது காது கேட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம்!

2011-இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு கூட்டத்தில் இந்த ஏடுகளை எள்ளி நகையாடினார். ஏதேனும் ஓர் ஏட்டை எடுத்தால், பதினெட்டாம் நூற்றாண்டுப் பல்கேரியாவில் சாட்சியச் சட்டத்தின் மீது தத்துவஞானி கான்ட்டின் தாக்கம் என்பது போன்ற கட்டுரைதான் முதலில் இருக்கும். வழக்கறிஞருக்கு அதனால் பெரிய பயனில்லை என்பது அவர் பேச்சின் கருத்து. அந்த நகைப்பில் நாம் சேர மாட்டோம். உடனடிப் பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், 1890-இல் வாரனும் பிராண்டைசும் எழுதியதையும் குப்பையில் போட்டிருக்க வேண்டும். தத்துவம் வேண்டும், தொலைநோக்கு வேண்டும், நாளைய சட்டத்தைக் கனவு காணும் துணிவு வேண்டும். அந்தக் கனவை வழக்கறிஞனுக்கும் ஏழைக் குடிமகனுக்கும் புரியும்படி சொன்னால் என்ன என்பதே நம் வினா. புரியாமல் எழுதுவது புலமையின் அடையாளம் என்ற மயக்கம் எந்நாட்டில் இருந்தாலும் தவறு தவறே.

நல்ல செயல் எதுவும் நடக்கவில்லை என்று நாம் கூறமாட்டோம். டியூக் பல்கலைக்கழகத்தில் 2008-இல் கூடிய சட்ட நூலகத் தலைவர்கள், சட்டக் கல்லூரிகளின் ஏடுகளை இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கத் திறந்து வைக்க வேண்டும் என்று கோரினர்; 2009-இல் அந்த அறிக்கை வெளிவந்தது. இன்று பல ஏடுகளின் புதிய இதழ்களை உலகின் எந்த மூலையிலிருந்தும் காசின்றிப் படிக்கலாம். விலை என்ற பூட்டு விழுந்துவிட்டது. ஆனால் கதவு திறந்தும் உள்ளே கேட்பது புரியாத மொழியென்றால், வாசலில் நிற்பவன் திரும்பித்தானே போவான்?

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. கட்டுரையைப் படிக்கும் கை, எழுதியவர் பெயரையும் பதவியையும் பல்கலைக்கழகத்தையும் அறியாதிருக்கட்டும். ஆசிரியர் குழுவுக்கு எவ்வாறு ஆள் எடுத்தோம், எவரெவர் வந்தனர், எவரெவர் வரவில்லை என்பதை ஏடுதோறும் ஆண்டுதோறும் வெளிப்படையாக அச்சிடட்டும். சான்றுக்கு வேண்டிய அடிக்குறிப்பு நிற்கட்டும். சடங்குக்கு வைத்தது உதிரட்டும். ஒவ்வொரு கட்டுரையின் தலைவாயிலிலும், சட்டம் படியாத குடிமகனுக்கு விளங்கும் எளிய மொழியில், இது எதைப் பற்றியது, யார் வாழ்வைத் தொடுவது என்று ஒரு பக்கம் எழுதட்டும். 511 பக்கம் விதி வகுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பக்கம் தெளிவாக எழுதத் தெரியாதா?

அந்த ஏடுகளில் அமர்ந்திருக்கும் இளைஞர்களே! உங்களிடம் நமக்குப் பகையில்லை. உங்கள் வயதினர் கையில் இவ்வளவு பெரிய பொறுப்பை வேறு எந்தத் துறையும் ஒப்படைக்கவில்லை. பேராசிரியரிடம் சான்று கேட்கும் அதே துணிவோடு, உங்கள் ஏட்டிடமும் கேளுங்கள்: யார் இங்கே இல்லை? ஏன் இல்லை? நாம் எழுதுவது யாருக்குப் புரிகிறது? 1970-இல் நியூயார்க் ஏழைகளுக்கு உச்ச நீதிமன்றம் அளித்தது ஒரு சிறிய, பெரிய உரிமை: தம்மைப் பற்றிய முடிவு எழுதப்படுமுன், தாம் கேட்கப்பட வேண்டும் என்ற உரிமை. அந்த உரிமையை ஈன்ற ஏடுகள், அதையே தம் பக்கங்களில் வழங்கினால் போதும். அடிக்குறிப்புக் கோட்டை தானே இடிந்து விழும்.